கருவியும் பரவியது, கடனும் பரவியது!



"கணிப்பொறி இனி உங்கள் கையில்" என்ற பேச்சு மறுபடியும் கிளம்பியிருக்கிறது. எல்லாருடைய கணக்கும் வழக்கும் எங்கோ ஒரு பெரிய முதலாளியின் இயந்திரக் கிடங்கில் குவிந்து கிடக்க வேண்டாம். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் தங்கள் தங்கள் கணிப்பொறியை வைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று இணைந்து வேலை செய்யலாம் என்கிறார்கள். பரவலாக்கம் என்று இதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். கேட்க இனிக்கிறது. நமக்கும் இதில் விரோதமில்லை. குவிந்து கிடப்பது பிரிந்து பரவ வேண்டும் என்று சொல்லி வந்தவர்கள் நாம். கணிப்பொறி விஷயத்தில் மட்டும் வேறு பாட்டுப் பாடுவோமா?

ஆனால், கேட்டே தீரவேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. பரவலாக்கிக் கொடுத்த அந்தக் கருவி மெதுவாக ஓடினால், இரண்டே வருஷத்தில் பழையதாகிப் போனால், அந்த நஷ்டம் யார் தலையில் விழும்? கருவியைப் பரப்புகிறவர்கள் நஷ்டத்தையும் சேர்த்துப் பரப்பிவிடுகிறார்களே, அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?

பதில் தேடி நாம் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற வேண்டாம். அடையாறு போகிற பஸ் ஏறினால் போதும்.

அடையாறுக்குப் பக்கத்தில், மான்கள் மேயும் காட்டுக்குள் இருக்கிறது இந்தியத் தொழில்நுட்பக் கழகம். அங்கே 1990களில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும், பாஸ்கர் ராமமூர்த்தி, திமோதி கொன்சால்வஸ் முதலியவர்களும் 'டெநெட்' என்ற பெயரில் ஒரு குழுவாக உழைத்தார்கள். அவர்களிடம் படித்த மாணவர்கள் வெளிநாட்டுக்குப் பறக்காமல், இங்கேயே மைடாஸ், பான்யன் என்று கம்பெனிகளைத் தொடங்கினார்கள். இவர்களும் அனலாக் டிவைசஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியும் சேர்ந்து உருவாக்கியதுதான் 'கார்டெக்ட்'. தெருவைத் தோண்டிச் செம்புக் கம்பி புதைக்காமல், கோபுரத்திலிருந்து காற்று வழியாகவே வீட்டுக்குத் தொலைபேசியும் இணையமும் கொடுக்கும் ஏற்பாடு அது.

அந்தக் காலத்துக் கணக்கை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டுக்குத் தொலைபேசி இழுக்க முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய் முதல் போட வேண்டும். போட்ட முதலுக்கு வட்டியும் தேய்மானமும் எடுக்க வேண்டுமானால் மாதம் ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் வசூல் வர வேண்டும். ஆயிரம் ரூபாய் கட்டக்கூடிய குடும்பம் நூற்றுக்கு எத்தனை? நாலு தேறினால் அதிகம்! மைலாப்பூர் மாடவீதியில் சில வீடுகளில் மணி அடிக்கும், குப்பத்தில் அடிக்காது. "ஒரு இணைப்புக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குமேல் ஆகக்கூடாது, அப்போதுதான் இது நாட்டுக்குப் பயன்படும்" என்று குறி வைத்து வேலை செய்தவர்கள் அந்தப் பேராசிரியர்கள். பணக்கார நாட்டுச் சாமானை வாங்கி விற்கிற தரகு வேலைக்குப் போகாமல், இந்த நாட்டு ஏழையின் பையைப் பார்த்துக் கருவி செய்தார்கள். இதற்காக அவர்களை நெஞ்சாரப் பாராட்டுவோம். கருவியும் நம் வெயிலுக்கு ஏற்றதாக, குளிர்சாதன அறை இல்லாமலே ஓடும்படி செய்யப்பட்டது.

கருவியோடு நிற்கவில்லை. 2000ஆம் ஆண்டையொட்டி 'என்-லாக்' என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. கிராமங்களுக்கு மட்டுமே சேவை என்பது அதன் விரதம். மூன்று அடுக்கு ஏற்பாடு. மேலே என்-லாக், தாலுகா ஊரில் கோபுரமும் கருவியும் வைத்து நடத்தும் உள்ளூர்ப் பங்காளி, அதற்கும் கீழே, கிராமத்தில் ஒரு கணிப்பொறி வைத்து ஜனங்களுக்குச் சேவை செய்யும் இளைஞனோ இளம் பெண்ணோ. இந்த யோசனைக்கு முன்மாதிரி எது தெரியுமா? பாண்டிபஜாரிலும் லஸ் முனையிலும் அன்று மஞ்சள் பலகை தொங்கிய எஸ்.டி.டி. பூத்! வீட்டில் தொலைபேசி இல்லாதவன் இரண்டு ரூபாய் கொடுத்துப் பேசினான். பூத் வைத்தவன், அவர்களிலே கால் ஊனமுற்றவர்கள் அநேகம் பேர், கௌரவமாகப் பிழைத்தான். தெருத்தெருவாகக் கேபிள் டி.வி. இழுத்தவர்கள் இரண்டாவது முன்மாதிரி. தொலைபேசிக்கும் டி.வி.க்கும் நடந்தது கணிப்பொறிக்கு நடக்காதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

ஆனால் நடந்ததென்ன?

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். தோழர்கள் சலித்துக்கொள்ளக் கூடாது; கூலிக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவனுக்கு இது பெரிய விஷயமல்ல.

கார்டெக்டின் வேகம் விநாடிக்கு 70 கிலோபிட். அதே நேரத்தில் தொலைபேசியிலும் பேசினால் 35 கிலோபிட். அன்றைக்கு அது கேவலமான வேகம் அல்ல. 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் இந்த நாட்டில் இணையத்தைத் திறந்து வைத்தபோது கிடைத்தது 9.6 கிலோபிட்! நகரத்துச் சீமான் வீட்டு மோடமும் 56 கிலோபிட்டைத் தாண்டாது. ஆகவே, கிராமத்துக்கு மட்டமான சரக்கைத் தள்ளினார்கள் என்று யாராவது சொன்னால் அது அபாண்டம்.

கோளாறு எங்கே இருந்தது? டெக்ட் என்ற ஐரோப்பியத் தரத்தை அடிப்படையாக வைத்துக் கட்டினார்கள். அது பேச்சுக்காகப் பிறந்த தரம். கோபுரத்தில் இருக்கும் ஒரு தள நிலையத்தில் ஒரே நேரத்தில் 12 தடங்கள்தான். தொலைபேசிக்கு இது ஏராளம். ஒருவன் மூன்று நிமிஷம் பேசிவிட்டு வைப்பான். ஒரு மணி நேரத்தில் ஒரே தடத்தில் இருபது பேர் பேசிவிடலாம். இணையத்துக்கு வருகிறவனோ மூன்று நிமிஷத்தில் எழுந்து போவதில்லை. ஒரு மணி நேரம் உட்காருகிறான். அந்த ஒரு மணியும் தடம் அவனுடையது. முழு வேகம் வேண்டுமென்றால் இரண்டு தடம் அவனுக்கே. இருபது பேர் பயணம் செய்த பஸ்ஸில் இப்போது ஒருவன் காலை நீட்டிப் படுத்துக்கொண்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள்! இதை அந்த எஞ்சினியர்கள் அறியாதவர்கள் அல்ல. இணையப் போக்குவரத்து தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் போய் அடைத்துக்கொள்ளாதபடி, முன்னாலேயே பிரித்து வேறு வழியில் அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தவர்களே அவர்கள்தான். மிகவும் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு அது. ஆனால் எக்ஸ்சேஞ்சில் நெரிசலைத் தவிர்க்கலாம். காற்றில் இருக்கும் 12 தடத்தைப் பதின்மூன்றாக்க முடியாது.

இன்னொன்று, தூரம். கோபுரத்துக்கும் கிராமத்து ஆண்டெனாவுக்கும் நடுவே பார்வை மறையக்கூடாது. மறைவில்லாமல் இருந்தால் 10 கிலோமீட்டர். நடுவில் இன்னொரு நிலையம் வைத்துத் தாண்டினால் 25 கிலோமீட்டர். தென்னந்தோப்புக்குப் பின்னால் இருக்கும் ஊருக்கு உயரமான கம்பம் நட வேண்டும். கம்பத்துக்கும் செலவு, இடி விழுந்தால் அதற்கும் செலவு.

இதற்கிடையில் உலகம் சும்மா இருந்ததா? எழுத்தாக இருந்த இணையம் படமாயிற்று, படம் சலனப்படமாயிற்று. ஒரு மெகாபைட் புகைப்படத்தை 70 கிலோபிட் வேகத்தில் இறக்க இரண்டு நிமிஷம். 35இல் ஏறத்தாழ நாலு நிமிஷம். ஒரே ஒரு படத்துக்கு! விவசாயி வெயிலில் நடந்து வந்து, ஐந்து ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு, கணிப்பொறித் திரையில் கோடு கோடாகப் படம் இறங்குவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பான்?

மதுரை மாவட்டம் மேலூரில் 2001இல் தொடங்கிய 'சாரி' திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அடையாறு தொழில்நுட்பக் கழகமும், என்-லாக்கும், அமெரிக்காவின் ஹார்வர்டு, எம்.ஐ.டி. இரண்டும் சேர்ந்து நடத்தியது. பல கிராமங்களில் மையங்கள் எழுந்தன. அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டருக்கு, கிராமத்திலிருந்தே கண்ணைப் படமெடுத்து அனுப்பினார்கள். பிறப்பு இறப்புச் சான்றிதழுக்கும், முதியோர் உதவித் தொகைக்கும் தாலுகா ஆபீசுக்கு நடக்காமல் மனுப் போட்டார்கள். ஒரு நாள் கூலியை இழந்து, பஸ்ஸுக்குக் கொடுத்து, "நாளைக்கு வா" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்புவது எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். அந்த அலைச்சல் நின்றது என்றால் அது சாதனையே.

ஆனால் அந்த மையங்களில் மிகப் பல மூடப்பட்டன. ஏன் மூடப்பட்டன என்பதை ஆராய்ந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். வருமானம் கட்டுபடியாகவில்லை. கருவி பழுதானால் சரிசெய்ய ஆள் வரத் தாமதம். கணிப்பொறிப் பயிற்சி பெற்றவர் நடத்திய மையங்கள் அதிக நாள் நின்றன. மற்றவை சீக்கிரம் விழுந்தன. அக்கறையோடு இருந்த சர்க்கார் அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அந்த அக்கறை இல்லை. மையத்தில் போட்ட மனுவுக்குத் தாலுகா ஆபீசில் மதிப்புக் குறைந்தது. கருவியை ஊருக்கு ஊர் பரப்பினார்கள்; கையெழுத்துப் போடும் அதிகாரத்தைப் பரப்பவில்லை! கடைசியில் எல்லாம் ஒரு மேஜையில் போய் நின்றது. அந்த மேஜைக்காரர் மாறினால் மையமும் மாறிற்று.

இப்போது பணக் கணக்குக்கு வருவோம். கணிப்பொறி, அச்சு எந்திரம், காமிரா, சுவரில் மாட்டும் கார்டெக்ட் பெட்டி, ஆண்டெனா, மின்சாரம் போனால் ஓட்ட பேட்டரி, எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாய். அதைப் போட்டவர் யார்? மேலே இருக்கிற கம்பெனியா? ஹார்வர்டா? இல்லை. பல மையங்களில், கடன் வாங்கியோ, வீட்டு நகையை வைத்தோ, கைமுதலைப் போட்டோ, கிராமத்துப் பையன் போட்டான், கிராமத்துப் பெண் போட்டாள். "உனக்கு நீயே முதலாளி" என்று சொல்லிக் கொடுத்தார்கள். முதலாளி என்ற பட்டம் கிடைத்தது. முதலாளிக்குள்ள அதிகாரம் எது கிடைத்தது? வேகத்தைக் கூட்ட அவனால் முடியாது, அது அடையாறு எஞ்சினியரின் கையில். கோபுரத்தைச் சரிசெய்ய முடியாது, அது தாலுகா பங்காளியின் கையில். சான்றிதழைக் கொடுக்க முடியாது, அது தாசில்தார் கையில். அவன் கையில் மிஞ்சியது தவணைச் சீட்டு ஒன்றுதான்!

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 12 தடம் என்பது அந்தத் தரத்தின் எல்லை. அதற்கு யார் மேலும் கோபிக்க முடியாது. எந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. ஆனால் அந்த எல்லையை முன்கூட்டியே அறிந்தவர்கள் மேலே இருந்தார்கள். அதன் விலையைக் கொடுத்தவர்கள் கீழே இருந்தார்கள். இணையம் படமயமாகும், இந்த வேகம் போதாமல் போகும் என்பதை ஊகிக்க எஞ்சினியரால் முடியும். கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பெண் ஊகிப்பாளா? ஊகிக்காததற்கு அவள் தண்டம் கட்டினாள்.

"செல்போன் வந்தது, இதெல்லாம் அடிபட்டுப் போனது, பழைய கதையை ஏன் கிளறுகிறாய்?" என்று சிலர் கேட்கலாம். வந்தது, உண்மை. 2016 செப்டம்பரில் ஜியோ இறங்கிய பிறகு வேகம் என்பது பஞ்சமில்லாத பண்டமாயிற்று. ஆனால் பாருங்கள், வேகம் வந்தபோது உடைமை போய்விட்டது. தியாகராயநகரில் உணவுப் பொட்டலம் சுமக்கும் தோழர் கையில் இருக்கும் போன், அன்றைய கிராம மையத்துக் கணிப்பொறியைவிடப் பல மடங்கு சக்தி வாய்ந்தது. அந்தப் போனில் அவருடைய கணக்கு இருக்கிறதா? இன்று எத்தனை நடை, எத்தனை கிலோமீட்டர், ஏன் கூலி குறைந்தது என்பதற்கான விவரமெல்லாம் கம்பெனியின் கணிப்பொறியில். போன் அதைக் காட்டும் கண்ணாடி மட்டுமே. கம்பெனி கதவைச் சாத்தினால் கண்ணாடி இருண்டுவிடும். 2023 டிசம்பரில் தமிழ்நாடு சர்க்கார் இந்தத் தொழிலாளிகளுக்கு நலவாரியம் அமைத்தது. மாநகராட்சி தியாகராயநகரில் அவர்களுக்கு ஓய்வறை திறந்திருக்கிறது. நல்லது. ஆனால் கணக்குப் புத்தகம் யாரிடம் என்பது இன்னும் தீரவில்லை. ஆகவே பரவலாக்கம் செத்த கேள்வி அல்ல.

சரி, வேகம் உள்ள இந்தக் காலத்தில் புதிதாகப் பரவலாக்கம் பேசுகிறவர்கள் என்ன கொண்டுவந்தார்கள்? அமெரிக்காவிலிருந்து 'அர்பிட்' என்று ஒன்று. ஆளுக்கொரு சொந்தக் கணிப்பொறி, நடுவில் கம்பெனி கிடையாது என்பது அதன் கோஷம். கர்டிஸ் யார்வின் என்பவர் 2002 முதல் வகுத்த திட்டம், 2013இல் அதற்கொரு கம்பெனியும் வைத்தார், 2019இல் விலகினார். ஜனநாயகமே வேண்டாமென்று எழுதுகிற மனிதர் அவர்.

அதன் உள்ளே எட்டிப் பார்த்தால் வேடிக்கை. அடித்தளத்தில் இருக்கும் கணக்கு மொழிக்கு ஒன்றைக் கூட்டத்தான் தெரியும், கழிக்கத் தெரியாது! ஒரு லட்சத்திலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டுமா? பூஜ்யத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போய், ஒரு லட்சத்துக்கு ஒன்று குறைவாக எங்கே நிற்கிறோம் என்று கண்டுபிடிக்க வேண்டும். சந்தைக் கடைக் கணக்குப்பிள்ளை இப்படிக் கழித்தால் கடை என்றைக்குச் சாத்துவது? இந்த அவஸ்தை தெரிந்துதான், பின்னால் ஒளித்து வைத்த வேறு மொழிக் குறுக்குவழிகளால் வேகத்தை மீட்கிறார்கள். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் குறித்து வைக்கும் ஏடு வேறு, நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போகும்.

மெதுவாக ஓடுவதை மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது அதன் அமைப்பு. மொத்த முகவரிக்கும் மேலே 256 பேரிடங்கள். அவற்றுக்குக் கீழே அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் இடைநிலைகள். அதற்கும் கீழேதான் நானூறு கோடிச் சில்லறை முகவரிகள். சட்டதிட்டத்துக்கு ஓட்டு அந்த 256க்கு! நிரந்தர முகவரி வேண்டுகிற சாதாரண ஆள் மேலே இருப்பவரிடமிருந்து பெற வேண்டும். ஜமீனை ஒழித்தோம் என்று இந்த நாட்டில் 1948இல் சட்டம் போட்டோம். ஜமீன்தார், இடைத்தரகர், குடியானவன் என்ற அதே ஏணியைக் கணிப்பொறிக்குள் கட்டி, அதற்குப் பரவலாக்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்!

அடையாறு மனிதர்களை இவர்களோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். அவர்கள் ஏழையின் பையைப் பார்த்துக் கருவி செய்தார்கள். இவர்கள் நிலத்தை அளந்து விற்றார்கள். ஆனால் இரண்டிலும், கருவியின் குறைக்குப் பொறுப்பு எந்த அடுக்கில் நிற்கிறது என்று பார்த்தால், அது அடி அடுக்கிலேயே நிற்கிறது.

இன்று நம் ஊரில் என்ன நடக்கிறது? தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோகும் பெரிய வேலையை டான்ஃபிநெட் என்ற சர்க்கார் கம்பெனி எடுத்திருக்கிறது. இ-சேவை மையங்கள் பெருகியிருக்கின்றன. அனைவருக்கும் இ-சேவை என்ற திட்டத்தில் தனி ஆட்களும் சொந்த முதல் போட்டு மையம் திறக்கலாம் என்று வழி விட்டிருக்கிறார்கள். மேலூர் மையங்களின் நேர் வாரிசு இவை. கம்பியில் தடங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் "சர்வர் வரவில்லை, நாளைக்கு வாங்க" என்ற சொல் கேட்காத மையம் உண்டா? சர்வர் எங்கே இருக்கிறது? மேலே. வராவிட்டால் வாடகையும் மின்சாரமும் யாருக்கு நிற்காமல் ஓடுகிறது? கீழே இருப்பவருக்கு. மனுதாரரின் வசவையும் அவரே வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆகவே நம் மாவட்டக் கமிட்டிகளும் தொழிற்சங்கங்களும் கோட்டையைப் பார்த்துக் கேட்க வேண்டியதைத் தெளிவாகவே கேட்கட்டும். மைய இயந்திரம் நின்ற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மையம் நடத்துகிறவருக்கு நஷ்டஈடு உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். சர்க்கார் புதிய கருவி வேண்டுமென்று விதி மாற்றினால், பழையதைச் சர்க்காரே விலை கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். பழுது பார்க்கும் ஆள் தாலுகாவில் சம்பளத்துக்கு இருக்க வேண்டும். தலைநகரத்திலிருந்து வருவார் என்ற வாக்குறுதி போதாது. உணவு சுமக்கும் தோழருக்கு, அவருடைய நடைக் கணக்கின் நகல் அவர் போனிலேயே, கம்பெனி அழிக்க முடியாதபடி தங்க வேண்டும். நலவாரியம் இதைக் கம்பெனிகளிடம் நிபந்தனையாக வைக்கட்டும். அடுத்த முறை மையம் நடத்துகிறவர்களை அழைத்துக் கோட்டையில் கூட்டம் போடும்போது, வேகத்தைப் பற்றிய விளக்கப் படங்கள் காட்டுவதற்கு முன்னால், மேலூரில் மையம் வைத்து மூடியவர்களில் நாலு பேரைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்து, அவர்கள் தவணை கட்டி முடித்த வருஷம் எது என்று கேட்கட்டும்.